அம்மாவுக்கு சிஓபிடி, ஹோமியோபதி டாக்டர் இன்ஹேலரை நிறுத்தச் சொல்லிவிட்டார், என்ன செய்வது?

திருப்பூர்க்காரி

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள், அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

அம்மாவுக்கு 61 வயது. ஒட்டன்சத்திரம் பக்கம் கிராமத்தில் தம்பி குடும்பத்தோடு இருக்கிறார், நான் வேலைக்காகத் திருப்பூரில் இருக்கிறேன். பீடி, சிகரெட் தொட்டவரில்லை, வெற்றிலை கூடப் போட மாட்டார். ஆனால் 25 வருஷத்துக்கு மேல் வீட்டுத் திண்ணையிலேயே இட்லிக் கடை நடத்தினார். விடிகாலை மூன்றரை மணிக்கு விறகடுப்பு மூட்டுவார், ஈர விறகாக இருந்தால் ஊதுகுழலை வைத்து அரை மணி நேரம் ஊதிக்கொண்டே இருப்பார், அந்தப் புகையில்தான் நாங்கள் இரண்டு பேரும் வளர்ந்தோம். மூன்று வருஷத்துக்கு முன்னால் மூச்சிரைப்பு தாங்காமல் மதுரைக்குக் கூட்டிப் போனோம். ஸ்பைரோமெட்ரி என்று ஊதச் சொல்லிப் பார்த்துவிட்டு சிஓபிடி, அதாவது நுரையீரலின் காற்றுக் குழாய் நிரந்தரமாக அடைபடும் நோய் என்றார்கள். எஃப்இவி1, அதாவது முதல் ஒரு நொடியில் ஊதி வெளியேற்றும் காற்று, இருக்க வேண்டியதில் 48 சதவீதம் என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது. காலையும் இரவும் கேப்சூலைப் போட்டு உறிஞ்சும் ஃபோராகார்ட், அவசரத்துக்கு ஆஸ்தாலின் ஸ்ப்ரே, இரவில் ஒரு டெரிபிலின் மாத்திரை. இதுதான் இதுவரை ஓடிக்கொண்டிருந்தது.

அம்மாவுக்கு இன்ஹேலர் என்றாலே பிடிக்காது. "இதுக்குப் பழகிட்டா சாகுற வரைக்கும் விடாது" என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். போன மாதம் சித்தப்பா ஒரு ஹோமியோபதி டாக்டரிடம் கூட்டிப் போனார். அவர் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார வைத்துப் பேசியிருக்கிறார். எந்தப் பக்கம் படுத்தால் இருமல் வருகிறது, தாகம் எப்படி, கனவில் என்ன வருகிறது, அப்பா இறந்தபோது அழுதீர்களா இல்லையா என்பது வரை கேட்டாராம். அம்மா வீட்டுக்கு வந்து, "இத்தன வருசத்துல என்னைய உக்கார வெச்சுக் கேட்ட மொத டாக்டரு இவருதான்" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

மருந்து மூன்று வகை. வெள்ளைச் சீனி உருண்டை. ஒரு பாட்டில் சொட்டு மருந்து, லேபிளில் பிளாட்டா ஓரியண்டாலிஸ் க்யூ என்று இருக்கிறது, 15 சொட்டு வெந்நீரில் மூன்று வேளை. அப்புறம் பேர் எதுவும் எழுதாத பொடிப் பொட்டலம், தினமும் இரவு நாக்கில் போட்டுக்கொள்ள. பத்தியமும் உண்டு: காபி, பச்சை வெங்காயம், பூண்டு, தைலம் கூடாது, புகைப் பக்கமும் பனியிலும் போகக் கூடாது.

ஒரு மாதத்தில் இருமல் நன்றாகவே குறைந்தது. நானே பார்த்தேன், பொய் சொல்லவில்லை. அடுத்த முறை போனபோதுதான் அவர், இங்கிலீஷ் மருந்து உடம்பில் இருக்கும் வரை எங்கள் மருந்து வேலை செய்யாது, இன்ஹேலரை நிறுத்திவிடுங்கள், முதல் பதினைந்து நாள் இரைப்பு கூடத்தான் செய்யும், பயப்படாதீர்கள், மருந்து பிடிக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம் என்று சொல்லியிருக்கிறார். நிறுத்தி இன்றோடு ஒன்பது நாள். கொல்லைக்குப் போய்வரவே நேற்று இரண்டு இடத்தில் நின்றாராம். விரலில் மாட்டும் ஆக்சிஜன் மெஷினில் 91 காட்டுகிறது, முன்பு 94, 95 இருக்கும். சித்தப்பா "இன்னும் ஆறு நாள் பொறு" என்கிறார். தம்பி இரண்டு பக்கமும் தலையாட்டுகிறான்.

ஹோமியோபதி இந்த நோய்க்குக் கேட்குமா? இரண்டையும் சேர்த்து எடுக்கலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வைகைக்கரை

அக்கா, மற்றதெல்லாம் அப்புறம் பேசிக்கொள்ளலாம். முதலில் தம்பிக்கு போன் போட்டு இன்றைக்கு ராத்திரியே இன்ஹேலரை ஆரம்பிக்கச் சொல்லுங்கள், நாளைக் காலையில் பழைய நெஞ்சு டாக்டரிடமோ பக்கத்து அரசு ஆஸ்பத்திரியிலோ கொண்டுபோய்க் காட்டுங்கள். ஆறு நாள் பொறுக்க வேண்டாம்.

என் அப்பா லாரி ஓட்டினவர், ஒரு நாளைக்கு இரண்டு கட்டு பீடி. அவருக்கும் இதே நோய்தான். இன்ஹேலர் மேல் அவருக்கும் இதே வெறுப்பு. ஐதராபாத்தில் ஜூன் மாதம் மிருகசீரிஷ கார்த்தி அன்று மீன் மருந்து கொடுப்பார்களே, அதற்கே ரயிலேறிப் போய்வந்தவர். மருந்தை வாயில் அடக்கிய விரால் குஞ்சு தொண்டையில் துள்ளிக்கொண்டு இறங்கியதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். மீனால் கெடுதல் எதுவும் நடக்கவில்லை, ஏனென்றால் பையில் ஸ்ப்ரேயும் இருந்தது. 2018-ல் ஒருவர் (பெயர் வேண்டாம், அவரும் நல்ல மனிதர்தான், கெட்ட எண்ணமெல்லாம் இல்லை) உருண்டை கொடுத்து, எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். உங்களுக்குச் சொன்ன அதே வசனம்: முதலில் கூடும், அப்புறம் குறையும்.

பத்தொன்பதாவது நாள் விடியற்காலை. கட்டிலில் உட்கார்ந்து இரண்டு கையையும் முட்டியில் ஊன்றிக் குனிந்தபடி இருந்தார். "என்னப்பா?" என்றால் ஒரு வார்த்தை சொல்லி நிறுத்தி, மூச்சு இழுத்து, அடுத்த வார்த்தை. உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது. 108-ல் போட்டுக்கொண்டு ஓடினோம். ஆறு நாள் ஐசியு, முகத்தில் இறுக்கமாக மாட்டி மூச்சைத் தள்ளும் பைபாப் மெஷின். பிழைத்துவிட்டார், ஆனால் அதற்கு முன்னால் தெருமுனை டீக்கடை வரை தானாக நடந்துபோனவர், அதற்கப்புறம் போகவே இல்லை. நான்கு வருஷம் வீட்டுக்குள்ளேயே இருந்து போய்ச் சேர்ந்தார்.

எனக்கு இன்று வரை உறுத்துவது அந்தப் பதினெட்டு நாள்தான். அவருக்கு மோசமாகிக்கொண்டே வருவது எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் மோசமாவதுதான் நல்ல அறிகுறி என்று ஒருவர் முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டதால், பார்த்துக்கொண்டே இருந்தோம்.

ஊதிப்பார்

நான் ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட், நெஞ்சக நோய்ப் பிரிவில் பதினோரு வருஷமாக வேலை. டாக்டர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வைகைக்கரை சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன், நாளைக்கே காட்டுங்கள்.

91 என்பதை மட்டும் பார்த்து அலற வேண்டாம். சிஓபிடி உள்ளவர்களுக்கு நம்மைப் போல 98 எல்லாம் வராது. ஆனால் 95-ல் இருந்தவர் ஒன்பது நாளில் 91-க்கு வந்து, நடையும் குறைந்திருக்கிறது என்றால் அந்த இறக்கம்தான் கவலை. நடந்து வந்தவுடன் ஒரு முறை மாட்டிப் பாருங்கள், இன்னும் கீழே போகும். உட்கார்ந்திருக்கும்போதே 88-க்குக் கீழே போனாலோ, ஒரு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் முடிக்க முடியவில்லை என்றாலோ, உதடோ நகமோ நீலமானாலோ, பகலில் காரணமில்லாமல் தூங்கி வழிந்தாலோ நாளை வரை கூடக் காத்திருக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். தூக்கம் ஏன் முக்கியம் என்றால், கரியமில வாயு வெளியேறாமல் ரத்தத்தில் சேர்வதற்கு அதுவும் ஒரு அடையாளம். வீட்டில் எல்லோரும் "பாவம், ராத்திரி தூங்கல, தூங்கட்டும்" என்று விட்டுவிடுவார்கள். அப்புறம், யாரிடமாவது ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறது என்று வாங்கி நீங்களாக முழுசாகத் திறந்து வைத்துவிடாதீர்கள். இவர்களுக்கு ஆக்சிஜன் அதிகமானாலும் ஆபத்து, ஆஸ்பத்திரியிலேயே 88-லிருந்து 92-க்குள்தான் நிறுத்துவோம்.

அம்மா சொல்லும் "பழகிடும்" பற்றி. இந்த ஒரு வார்த்தையோடு தினமும் மல்லுக்கட்டுகிறேன். சாராயம் பழகுவது போல இது பழகுவதில்லை. நிறுத்தினால் இரைப்பு திரும்ப வருகிறதே என்பார்கள். நோய் உள்ளேயே இருக்கிறது, மருந்து குழாயை விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தது, கையை எடுத்ததும் மூடுகிறது, அவ்வளவுதான். கண்ணாடியைக் கழற்றினால் மங்கலாகத் தெரிகிறது என்பதற்காகக் கண்ணாடி போதை என்று யாரும் சொல்வதில்லை. ஃபோராகார்ட்டில் ஸ்டீராய்டு இருக்கிறது, உண்மை, ஆனால் ஒரு கேப்சூலில் 200 அல்லது 400 மைக்ரோகிராம், அது நேராக நுரையீரலுக்குப் போகிறது. வாயில் போடும் ஸ்டீராய்டு மாத்திரை மில்லிகிராம் கணக்கு, அதாவது ஆயிரம் மடங்கு பெரிய அலகு. பக்க விளைவே இல்லை என்று சொல்ல மாட்டேன். வாய் கொப்பளிக்காவிட்டால் நாக்கில் வெள்ளைப் பூஞ்சை வரும், சிஓபிடி உள்ளவர்களில் சிலருக்கு நிமோனியா வாய்ப்பு கொஞ்சம் கூடும். அம்மாவுக்கு அந்த ஸ்டீராய்டு தேவையா, வேறு வகை இன்ஹேலர் போதுமா என்பதை நெஞ்சு டாக்டரிடம் தாராளமாகக் கேளுங்கள், அது நியாயமான கேள்வி.

பேர் எழுதாத பொட்டலத்தைப் பற்றி எனக்குப் பயம். அதில் வெறும் சர்க்கரை இருக்கலாம். ஆனால் இரைப்புக்கு என்று கொடுக்கும் பேரில்லாத பொடிகளில் ஸ்டீராய்டு கலந்து கொடுப்பவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். இவர் அப்படி என்று சொல்லவில்லை. அந்தப் பொட்டலத்தில் ஒன்றை எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் சொல்லுங்கள். ஸ்டீராய்டாக இருந்து திடீரென்று நிறுத்தினால் அது வேறு சிக்கல்.

கடைசியாக ஒரு வேலை. அம்மா இன்ஹேலர் எடுப்பதைத் தம்பியை போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் எதுவும் சொல்லித் தராதீர்கள், அவர் எப்போதும் எடுப்பது போல எடுக்கட்டும்.

மாத்துமருந்து

எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன், இரண்டு பக்கமும் அடி விழும். நான் ஹோமியோபதி டாக்டர். திருமங்கலம் அரசுக் கல்லூரியில் பிஎச்எம்எஸ், 14 வருஷமாகச் சொந்த கிளினிக்.

இன்ஹேலரை நிறுத்தச் சொன்னது தவறு. சுற்றி வளைக்க விரும்பவில்லை. ஐந்தரை வருஷப் படிப்பில் நாங்களும் உடற்கூறும் நோய்க்குறியியலும் படிக்கிறோம். நுரையீரலின் காற்றுப் பைகளில் சுவர் சிதைந்தால் அது திரும்ப முளைக்காது என்று எங்கள் தேர்விலும்தான் எழுதினோம். என்னிடம் வரும் சிஓபிடி நோயாளியிடம் முதலில் கேட்பது, நெஞ்சு டாக்டர் யார், கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்றுதான்.

"முதலில் கூடும்" என்பதற்கு எங்களிடம் அக்ரவேஷன் என்று பெயர், ஹோமியோபதியை உருவாக்கிய ஹானிமன் காலத்திலிருந்து வருவது. தோலில் அரிப்பு இரண்டு நாள் கூடினால் பொறுக்கச் சொல்வது வேறு. ஆக்சிஜன் இறங்குவதை அக்ரவேஷன் என்று சொல்ல நான் படித்த எதிலும் இடமில்லை.

பிளாட்டா ஓரியண்டாலிஸ் என்பது கரப்பான் பூச்சியிலிருந்து எடுப்பது. இரைப்புக்கு கல்கத்தா டாக்டர்கள் பிரபலப்படுத்திய மருந்து. க்யூ என்றால் மதர் டிங்க்சர், நீர்த்துப்போகச் செய்யாதது, அதில் ஆல்கஹால் கணிசமாக இருக்கும். 15 சொட்டில் மயக்கமெல்லாம் வராது, ஆனால் அம்மாவுக்குக் கல்லீரல் பிரச்சினை இருந்தால் சொல்லுங்கள். சர்க்கரை நோய் இருந்தால் உருண்டையைப் பற்றியும் சொல்லுங்கள், அது சர்க்கரைதான். பொட்டலத்தில் என்ன மருந்து, என்ன வீரியம் என்று சீட்டில் எழுதித் தரச் சொல்லி நீங்கள் கேட்கலாம். தர மறுத்தால் அவரிடம் போகாதீர்கள், அவர் என் வகுப்புத் தோழராகவே இருந்தாலும் இதைத்தான் சொல்வேன்.

நான் கொடுக்கிறேனா என்றால், கொடுக்கிறேன். நெஞ்சில் சளி கடகடவென்று உருண்டும் வெளியே வராதவர்களுக்கு ஆன்டிமோனியம் டார்ட், நள்ளிரவில் எழுந்து தவிப்பவர்களுக்கு ஆர்சனிகம் ஆல்பம். இதமாக இருக்கிறது என்கிறார்கள், அதற்கு மேல் நான் சத்தியம் செய்ய மாட்டேன். கூடவே எடுப்பதில் இன்ஹேலருக்கு இடைஞ்சல் இல்லை. இங்கிலீஷ் மருந்து இருந்தால் எங்கள் மருந்து வேலை செய்யாது என்பது நோயாளியைத் தக்கவைத்துக்கொள்ள உதவும் பேச்சு.

கணக்கு_வாத்தியார்

டாக்டர் நேர்மையாகப் பேசுகிறார், மரியாதை. ஆனால் "இதமாக இருக்கிறது" என்பதோடு விட்டுவிட்டால் எப்படி? கணக்கைச் சொல்லிவிடலாம். ஹோமியோபதி மருந்தை எத்தனை தடவை நீர்க்க வைத்தார்கள் என்பதுதான் அந்த சி, 1சி என்றால் நூறில் ஒரு பங்கு. அதை மறுபடி நூறில் ஒன்றாக்கினால் 2சி. இப்படி 12 தடவை செய்தால் 1-க்குப் பின்னால் 24 பூஜ்யம், ஒரு மோல் பொருளில் இருக்கும் மூலக்கூறுகளின் எண்ணிக்கையான அவகாட்ரோ எண்ணைத் தாண்டிவிட்டீர்கள், ஆரம்பித்த மருந்தின் ஒரு மூலக்கூறு கூட மிஞ்சுவது சந்தேகம். 30சி என்றால் 60 பூஜ்யம். பூமி மொத்தத்திலும் இருக்கும் அணுக்களை எண்ணினாலே 50 பூஜ்யத்தை ஒட்டித்தான் வரும். ஹானிமன் 1843-லேயே இறந்துவிட்டார், மூலக்கூறு எத்தனை என்று முதல்முதலாகக் கணக்குப் போட்டதே 1865-ல், அதனால் அவரைக் குறை சொல்ல மாட்டேன். அதற்கப்புறம் வந்தவர்களுக்குச் சாக்கு இல்லை. 2015-ல் ஆஸ்திரேலிய அரசின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு 176 ஆய்வுகளை எடுத்துப் பார்த்துவிட்டு, எந்த ஒரு நோய்க்கும் ஹோமியோபதி கேட்கிறது என்பதற்கு நம்பகமான ஆதாரம் இல்லை என்று அறிக்கை கொடுத்தது. 2017-ல் இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ் இதை எழுதித் தர வேண்டாம் என்று டாக்டர்களுக்குச் சொல்லிவிட்டது.

படித்தவர்களே சீனி உருண்டைக்குக் க்யூவில் நிற்கிறார்கள், இட்லிக் கடைக்கார அம்மாவைச் சொல்லி என்ன பயன்.

நம்பிக்கை_நாற்று

வாத்தியாருக்கு ஆய்வு என்றால்தான் ஏறும் போல, சரி, ஆய்வையே சொல்கிறேன். 2005-ல் செஸ்ட் என்ற பெரிய மருத்துவ இதழில் வியன்னா டாக்டர்கள் எழுதினார்கள். சிஓபிடி நோயாளிகள் 50 பேர், பாதிப் பேருக்குப் பொட்டாசியம் டைக்குரோமேட் 30சி, பாதிப் பேருக்கு வெறும் உருண்டை. மருந்து கொடுத்தவர்களுக்குச் சளி குறைந்தது, சீக்கிரமே குழாயை எடுத்தார்கள். இதை ஏன் யாரும் சொல்வதில்லை? என் மனைவிக்கு எட்டு வருஷ வீசிங், ஹோமியோபதியில்தான் நின்றது, இப்போது ஸ்ப்ரே வீட்டிலேயே இல்லை.

ஊதிப்பார்

நாற்று சார், அந்தக் கட்டுரை உண்மைதான், நானும் படித்திருக்கிறேன். அந்த 50 பேரும் ஐசியுவில் தொண்டையில் குழாய் போட்டு வென்டிலேட்டரில் இருந்தவர்கள், எல்லோருக்கும் ஐசியு சிகிச்சை முழுசாக நடந்துகொண்டிருந்தது. எதையும் நிறுத்திவிட்டு உருண்டை கொடுக்கவில்லை. ஒரே இடத்தில் 50 பேரை வைத்துப் பார்த்ததை நம்பி, ஒட்டன்சத்திரத்தில் நடமாடிக்கொண்டிருக்கும் ஒருவரின் இன்ஹேலரைப் பிடுங்க முடியாது.

உங்கள் மனைவிக்கு நின்றதில் எனக்குச் சந்தோஷம்தான். அது ஆஸ்துமாவாக இருக்கும். ஆஸ்துமா தானாகவே ஏறும், இறங்கும், சிலருக்கு ஊர் மாறினாலே வருஷக்கணக்கில் காணாமல் போகும், இன்ஹேலர் கொடுத்து ஊதினால் அளவு ஏறக்குறைய சரியாகிவிடும். சிஓபிடியில் மருந்து கொடுத்து ஊதினாலும் அடைப்பு முழுசாக விலகாது, முதல் நொடியில் ஊதும் காற்றை மொத்தமாக ஊதும் காற்றால் வகுத்தால் 0.70-க்குக் கீழேதான் நிற்கும். இரண்டையும் வீசிங் என்ற ஒரே பெயரில் பேசுவதால்தான் ஒருவருக்குக் கேட்டது இன்னொருவருக்கும் கேட்கும் என்று நினைக்கிறோம்.

வாத்தியார், கணக்கு சரி. ஆனால் அந்தக் கடைசி வரி வேண்டாமே. இந்த அம்மா ஏன் அங்கே போனார் என்று யோசியுங்கள். எங்கள் ஓபியில் ஒரு நோயாளிக்கு மூன்று நிமிஷம் கிடைத்தால் அதிகம். அவர் ஒரு மணி நேரம் கொடுத்தார்.

கணக்கு_வாத்தியார்

அந்த வரி தப்புதான், மன்னித்துவிடுங்கள் அம்மா. திருத்த முடியவில்லை, இல்லாவிட்டால் எடுத்திருப்பேன்.

திருப்பூர்க்காரி

எல்லோருக்கும் நன்றி. வாத்தியார் சார், பரவாயில்லை, அம்மா இதையெல்லாம் படிக்க மாட்டார், நான்தான் படித்துவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

நேற்று ராத்திரியே இன்ஹேலர் ஆரம்பித்தாயிற்று. தம்பி வீடியோவும் அனுப்பினான். ஊதிப்பார் அண்ணா, எனக்கு அழுகையே வந்துவிட்டது. அம்மா கேப்சூலைப் போடுகிறார், திருகுகிறார், வாயில் வைக்கிறார், வைத்துக்கொண்டு ஊதுகிறார்! உள்ளே இழுக்கவே இல்லை, ஊதுகுழலை ஊதுவது போலவே ஊதுகிறார். பவுடர் கொஞ்சம் கன்னத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கப்புறம் மெதுவாக ஒரு சின்ன இழுப்பு, டீ உறிஞ்சுவது போல. திறந்து பார்த்தால் கேப்சூலில் முக்கால்வாசி அப்படியே இருக்கிறது. மூன்று வருஷமாக இப்படித்தானாம். மதுரையில் எழுதிக் கொடுத்தபோது மருந்துக் கடைப் பையன், "இதுல போட்டு இழுங்க" என்று சொன்னதுதான் பாடம். அதற்கு முன்னால் ஸ்பைரோமெட்ரியில் நன்றாக ஊது ஊது என்று விரட்டியிருக்கிறார்கள், அதுதான் மனதில் நின்றுவிட்டது போல.

இன்னொன்றும் தெரிந்தது. வீட்டில் கேஸ் வந்து எத்தனையோ வருஷம் ஆயிற்று, கடையையும் மூடியாயிற்று, ஆனால் குளிக்க வெந்நீர் மட்டும் இன்றும் கொல்லையில் விறகடுப்பில்தான். தென்னை மட்டை, பழைய துணி, சமயத்தில் பிளாஸ்டிக் கவர் கூட அதில் போகும். ஹோமியோபதி டாக்டர் புகை கூடாது என்று சொன்னதால், இந்த ஒரு மாதமாக அம்மா அந்த அடுப்புப் பக்கம் போகவில்லை, தம்பி மனைவிதான் மூட்டுகிறாள். அப்படியானால் இருமல் குறைந்தது எதனால்?

ஊதிப்பார்

எதனால் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். மதுரையில் யாராவது அன்றைக்கே "வெந்நீர் எதில் காய்ச்சுகிறீர்கள்?" என்று கேட்டிருந்தால் மூன்று வருஷம் மிச்சம். புகைப் பக்கம் போகக் கூடாது என்று சொன்னது ஹோமியோபதி டாக்டர்தான், அந்தப் பெருமையை அவருக்குக் கொடுத்துவிடுங்கள். ஆனால் தம்பி மனைவியும் அந்த அடுப்பை ஊதக் கூடாது. சின்னப் பெண், இப்போது தெரியாது, இருபது வருஷம் கழித்துத் தெரியும்.

ஊதுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், உங்கள் அம்மா மட்டும் இல்லை. கேப்சூலைத் தண்ணீர் விட்டு விழுங்கினவர்களையே பார்த்திருக்கிறேன். சரியான முறை இது: முதலில் மெஷினை வாயில் வைக்காமல் மூச்சை வெளியே விட வேண்டும், அப்புறம் உதட்டால் இறுகப் பிடித்து வேகமாக, ஆழமாக உள்ளே இழுக்க வேண்டும், இழுக்கும்போது கேப்சூல் உள்ளே கிர்ரென்று சுழலும் சத்தம் கேட்க வேண்டும். பத்து எண்ணும் வரை மூச்சை அடக்கி, மெதுவாக விட வேண்டும். பவுடர் மிச்சம் இருந்தால் மறுபடி ஒரு முறை. முடிந்ததும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். 48 சதவீதத்தில் இருப்பவருக்கு அந்த வேக இழுப்பு வராமல் போகலாம். அப்படியானால் கேப்சூலை விட்டுவிட்டு ஸ்ப்ரேயும் ஸ்பேசரும் கேளுங்கள். ஸ்பேசர் என்பது நடுவில் மாட்டும் பிளாஸ்டிக் டப்பா, அடித்த மருந்து அதில் நிற்கும், அவர் நிதானமாக இழுத்துக்கொள்ளலாம்.

போகும்போது சளிப் பரிசோதனையும் கேளுங்கள். நம் ஊரில் எத்தனை வருஷ இருமலாக இருந்தாலும் டிபி இல்லை என்று ஒரு முறை உறுதி செய்துகொள்வது நல்லது. ஃப்ளூ ஊசி, நிமோனியா ஊசி போட்டதில்லை என்றால் அதையும் கேளுங்கள். மூச்சுப் பயிற்சியும் சொல்லித் தருவார்கள், உதட்டைக் குவித்து மெதுவாக விடுவது. ஊதுகுழல் ஊதினவருக்கு அது ஒரே நாளில் வந்துவிடும்.

வைகைக்கரை

அக்கா, சித்தப்பாவிடம் சண்டை போடாதீர்கள். எங்கள் வீட்டில் அப்பாவைக் கூட்டிப் போன மாமாவை நாங்கள் மூன்று வருஷம் பேசாமல் வைத்தோம். அவரும் நல்லதுதான் நினைத்தார். அப்பாவே கடைசியில் அவரை வரச் சொல்லிப் பேசினார்.

திருப்பூர்க்காரி

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும்.

மறுநாளே லீவு போட்டு ஊருக்குப் போய், நானும் தம்பியுமாகக் கூட்டிக்கொண்டு போனோம். நெஞ்சில் கிருமித் தொற்று ஆரம்பித்திருந்தது, சளியும் பச்சையாகத்தான் இருந்திருக்கிறது, அம்மா யாரிடமும் காட்டவில்லை. நாலு நாள் ஆஸ்பத்திரியில் வைத்து நெபுலைசர், ஆன்டிபயாடிக், ஐந்து நாள் ஸ்டீராய்டு மாத்திரை. ஐசியு வரை போகவில்லை. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் தெரியாது என்றார் டாக்டர். டிபி இல்லை. கேப்சூலை மாற்றி ஸ்பேசர் கொடுத்திருக்கிறார்கள், ஒரு நர்ஸ் அரை மணி நேரம் உட்கார்ந்து அம்மாவையே செய்யச் சொல்லிச் சொல்லிக் கொடுத்தார். இப்போது உட்கார்ந்திருக்கும்போது 94. கொல்லைக்கு நிற்காமல் போய்வருகிறார். கொல்லையில் அடுப்பைத் தம்பி இடித்துவிட்டான், ஹீட்டர் வாங்கியாயிற்று, கரண்ட் பில்லை நினைத்துத்தான் அம்மா புலம்புகிறார்.

பொட்டலத்தில் என்ன இருந்தது என்று அந்த டாக்டரிடம் தம்பி போய்க் கேட்டான். சாக் லாக் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். மாத்துமருந்து சார், அப்படியென்றால் என்ன?

மாத்துமருந்து

சாக்கரம் லாக்டிஸ். பால் சர்க்கரை. மருந்தே இல்லாதது. இடைப்பட்ட நாட்களில் நோயாளி சும்மா இருக்க மாட்டார் என்று கொடுப்போம். நானும் கொடுப்பதுண்டு, மறைக்கவில்லை.

திருப்பூர்க்காரி

சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. அம்மா அந்தப் பொட்டலத்துக்குத்தான் இரவு தூக்கமே வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அம்மா அவரிடம் இன்னும் போக வேண்டும் என்கிறார். மருந்துக்கு இல்லை, சும்மா பேசிவிட்டு வர. இன்ஹேலரை விடச் சொன்னால் எழுந்து வந்துவிட வேண்டும் என்ற கண்டிஷனில் சரி என்று சொல்லியிருக்கிறேன். சொட்டு மருந்துப் பாட்டில் சாமி அலமாரியில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அது எதிலிருந்து எடுத்தது என்று மட்டும் யாரும் அவர் காதுக்குக் கொண்டுபோய்விடாதீர்கள், சஷ்டிக்கு ஆறு நாளும் பச்சைத் தண்ணீர் விரதம் இருக்கிறவர்.